சிக்கனமும் ஒரு பாடம்: வீட்டுத் திறன்களை வகுப்பறைக்குக் கொண்டுவருவோம்

நம் மாணவர்களில் பலருடைய வீடுகளில் நியாயவிலைக் கடை அரிசிதான் மாதம் முழுவதும் உலைக்குப் போகிறது. அட்டைக்கு 20 கிலோ கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 20,000 கிராமை 30 ஆல் வகுத்தால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 667 கிராம். அந்த வீட்டுத் தாய் காகிதத்தில் இந்தக் கணக்கைப் போடுவதில்லை. தினமும் ஓர் ஆழாக்கை எடுத்து, தலைதட்டி, உலையில் கொட்டுகிறார். விருந்தாளி வந்த நாளில் கூடுதலாக எடுத்ததை மறுநாள் கேழ்வரகுக் களி கிண்டிச் சரிக்கட்டுகிறார். மாதக் கடைசியில் பானையின் அடி தெரியாமல் பார்த்துக்கொள்கிறார். வகுத்தல், மதிப்பிடல், திட்டமிடல் ஆகிய மூன்றும் அதில் இருக்கின்றன. ஆனால் அவருடைய மகன் நம் வகுப்பில் வகுத்தல் கணக்கைக் கண்டு தயங்கி நிற்கிறான்.

நான் ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் அறிவியல் பட்டதாரி ஆசிரியர். வீட்டில் நான்கு வயது மகன் இருக்கிறான். மாமியாரும் எங்களுடன் இருக்கிறார். பழைய வீட்டுப் பழக்கங்களை அவரிடமிருந்து கற்றுக்கொண்டே, அவற்றில் எது எந்த வகுப்புப் பாடத்துக்குப் பயன்படும் என்று சில ஆண்டுகளாகக் குறித்து வருகிறேன். அளத்தல், புடைத்தல், புளிக்கவைத்தல், உலர்த்துதல், தைத்தல், செலவை எழுதிவைத்தல் போன்ற திறன்கள் நம் கணக்கு, அறிவியல், தமிழ்ப் பாடங்களுக்கு வெளியே இருப்பவை அல்ல. மாணவர்கள் வீட்டிலிருந்து கொண்டுவரும் முன்னறிவு அவை. அந்த அறிவைப் பள்ளி மதித்தால், கற்றலில் பின்தங்கிய மாணவருக்கும் பேச ஓர் இடம் கிடைக்கிறது. எங்கள் பள்ளியில் செய்து பார்த்தவற்றை இங்கே பகிர்கிறேன்.

முன்பே சிந்தித்தவர்கள்

இது புதிய எண்ணம் அன்று. 1937 அக்டோபரில் வார்தாவில் நடந்த கல்வி மாநாட்டில் காந்தியடிகள் ஆதாரக் கல்வியை முன்வைத்தார். அதற்கான பாடத்திட்டத்தை ஜாகிர் உசேன் தலைமையிலான குழு உருவாக்கியது. கையால் செய்யும் ஒரு தொழிலை நடுவில் வைத்து, கணக்கையும் அறிவியலையும் மொழியையும் அதைச் சுற்றிக் கற்பிப்பதே அதன் அடிப்படை.

மரியா மாண்டிசோரி அம்மையார் 1939இல் சென்னை அடையாறுக்கு வந்தார். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கொடைக்கானலிலும் தங்கியிருந்தார். அவருடைய கல்வி முறையில் சிறு குழந்தைகளுக்கான பயிற்சிகள் அன்றாட வீட்டு வேலைகளில்தான் தொடங்குகின்றன. ஒரு குவளையிலிருந்து இன்னொன்றுக்குத் தண்ணீர் ஊற்றுவது, பொத்தான் போடுவது, துணி மடிப்பது, தரையைப் பெருக்குவது ஆகியவை கையையும் கண்ணையும் ஒருங்கிணைத்துக் கவனத்தை நிலைப்படுத்தும் பாடங்கள் என்று அவர் கண்டார்.

நம் மாநில வரலாறு இதற்குள் ஓர் எச்சரிக்கையையும் வைத்திருக்கிறது. 1953இல் சென்னை மாகாணத்தில் தொடக்கப் பள்ளி நேரத்தைக் குறைத்து, மீதி நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்கட்டும் என்று ஒரு திட்டம் கொண்டுவரப்பட்டது. குலக்கல்வித் திட்டம் என்று மக்கள் அதை எதிர்த்தனர். காமராசர் முதலமைச்சரானதும் 1954இல் அது கைவிடப்பட்டது. அந்த எதிர்ப்பின் நியாயத்தை நாம் மறக்கக் கூடாது. பிறந்த வீட்டின் வேலையோடு ஒரு பிள்ளையைக் கட்டிப்போடுவது கல்வி ஆகாது. வீட்டுத் திறனை வகுப்புக்குக் கொண்டுவருவதன் நோக்கம் நேர் எதிரானது. ஒரு வீட்டில் இருக்கும் அறிவு எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவாக வேண்டும். அதைப் பிடித்து ஏறி அவர்கள் பாடப்பொருளுக்குள் போக வேண்டும்.

இனி, செயல்பாடுகளைப் பார்ப்போம்.

1. ஆழாக்கும் பின்னமும் (3 முதல் 6ஆம் வகுப்பு வரை)

தேவையானவை: ஒரு படி, ஓர் உழக்கு, ஓர் ஆழாக்கு, கொஞ்சம் மணல் அல்லது நெல், ஒரு லிட்டர் அளவுக் குவளை.

2 ஆழாக்கு ஓர் உழக்கு, 2 உழக்கு ஓர் உரி, 2 உரி ஒரு படி. மாணவர்கள் தாங்களே அளந்து கொட்டி இதைக் கண்டுபிடிக்கட்டும். ஒரு படிக்கு எட்டு ஆழாக்கு என்று தெரிந்ததும் கரும்பலகையில் 1/2, 1/4, 1/8 என்று எழுதுங்கள். ஒவ்வொரு படிநிலையிலும் அளவு பாதியாகிறது என்பதை அவர்கள் கை ஏற்கெனவே உணர்ந்திருக்கும்.

அடுத்துத் தமிழுக்கு வாருங்கள். 1/8க்கு நம் மொழியில் அரைக்கால் என்று பெயர். காலில் அரை, அதாவது 1/4 × 1/2 = 1/8. பின்னப் பெருக்கல் முழுவதும் அந்த ஒரு சொல்லுக்குள் இருக்கிறது. அதில் பாதியான 1/16 மாகாணி. 'வீட்டில் பாட்டியிடம் அரைக்கால் என்றால் என்ன என்று கேட்டு வாருங்கள்' என்று சொல்லிப் பாருங்கள். மறுநாள் வகுப்பில் பேச ஆள் போதாமல் இருக்காது.

மூன்றாவது படிநிலை, ஒரு படி எத்தனை மில்லிலிட்டர் என்று அளப்பது. வெவ்வேறு வீடுகளிலிருந்து வந்த படிகள் ஒரே அளவாக இருப்பதில்லை. எங்கள் வகுப்பில் வந்த மூன்று படிகளும் மூன்று அளவு காட்டின. ஒரே அரிசிக்கு இரண்டு ஊரில் இரண்டு அளவு இருந்தால் வாங்குபவருக்கு என்ன ஆகும் என்று கேளுங்கள். நாடு முழுவதற்கும் ஒரே மெட்ரிக் அளவு வேண்டும் என்று 1956இல் சட்டம் இயற்றப்பட்டதன் தேவை அந்த இடத்தில் தானாகப் புரியும்.

சத்துணவுக் கூடத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். தொடக்க வகுப்பு மாணவர் ஒருவருக்கு 100 கிராம் அரிசி, உயர் தொடக்க வகுப்பு மாணவருக்கு 150 கிராம் என்ற கணக்கை வைத்து, இன்றைய வருகைப் பதிவின்படி எத்தனை கிலோ அரிசி தேவை என்று 5ஆம் வகுப்பு மாணவர்கள் கணக்கிட்டு, சத்துணவு அமைப்பாளரிடம் சரிபார்த்து வரட்டும். 64 பேரும் 40 பேரும் என்றால் 6.4 கிலோவும் 6 கிலோவும் சேர்த்து 12.4 கிலோ. விடை சரியா என்பதை அன்று ஆசிரியர் சொல்ல வேண்டியதில்லை. அரிசி அளப்பவரே சொல்லிவிடுவார்.

2. முறமும் வினைச்சொற்களும் (6ஆம் வகுப்பு)

பொருள்களைப் பிரித்தெடுக்கும் முறைகளைக் கற்பிக்கும்போது ஒரு முறத்தையும் ஒரு சல்லடையையும் வகுப்புக்குக் கொண்டுவந்தால் போதும். உமியும் கல்லும் நொய்யும் கலந்த ஒரு படி அரிசியைக் கொடுத்துவிடுங்கள். சத்துணவுச் சமையலர் ஒருவரை அழைத்துச் செய்துகாட்டச் சொல்லுங்கள்.

முறத்தை மேலும் கீழும் அசைத்து உமியைப் பறக்கவிடுவது புடைத்தல். பக்கவாட்டில் அசைத்து ஒதுக்குவது கொழித்தல். துளைகளின் அளவைக் கொண்டு பிரிப்பது சலித்தல். தண்ணீரில் அலசிக் கல்லைத் தங்கவிட்டு அரிசியை மட்டும் எடுப்பது அரித்தல். ஒவ்வொன்றும் ஒவ்வொரு பண்பைப் பயன்படுத்துகிறது. எடை, அளவு, அடர்த்தி ஆகியவற்றில் எது எந்த வேலையைச் செய்கிறது என்று மாணவர்கள் அட்டவணை இடட்டும்.

இதையே தமிழாசிரியர் மேலும் விரிக்கலாம். சமையலில் மட்டும் எத்தனை வினைகள்! அவித்தல், வேகவைத்தல், வறுத்தல், வதக்குதல், வாட்டுதல், பொரித்தல், சுடுதல், தாளித்தல், சுண்டக் காய்ச்சுதல். அவற்றுள் எண்ணெய் தேவைப்படுபவை எவை, தண்ணீர் தேவைப்படுபவை எவை, இரண்டும் இல்லாதவை எவை என்று வகைப்படுத்தச் சொல்லுங்கள். 'எல்லாம் சமைப்பதுதானே' என்று தொடங்கும் மாணவர்கள் கடைசியில் வதக்குவதற்கும் வறுப்பதற்கும் உள்ள வேறுபாட்டைப் பற்றி வாதாடிக்கொண்டிருப்பார்கள். துல்லியமான சொல் துல்லியமான கவனிப்பிலிருந்து வருகிறது என்பதை அவர்களுக்குக் காட்ட இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை.

3. பொங்கும் மாவு (7, 8ஆம் வகுப்பு)

இட்லி மாவு நுண்ணுயிரிகள் பாடத்துக்கு மலிவான ஆய்வகம். ஒரே அளவுள்ள மூன்று தெளிவான பிளாஸ்டிக் குவளைகளில் மூன்றில் ஒரு பங்குக்குப் புதிதாக அரைத்த மாவை ஊற்றுங்கள். வெளிப்புறம் அளவுகோல் போலக் கோடிட்ட தாள் ஒட்டுங்கள். ஒன்றை வகுப்பறை அலமாரியிலும், ஒன்றைக் குளிர்ந்த நீர் உள்ள மண்சட்டிக்குள்ளும், ஒன்றைக் கனத்த துணி சுற்றி வெதுவெதுப்பான மூலையிலும் வையுங்கள். ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை மாவின் உயரத்தைக் குறித்து, மறுநாள் காலை கடைசி அளவை எடுங்கள். முதல் நாளும் மறுநாளும் நீல லிட்மஸ் தாளால் சோதியுங்கள்.

மாவிலுள்ள லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் சர்க்கரையைப் பயன்படுத்தி அமிலத்தையும் கார்பன் டைஆக்சைடையும் உண்டாக்குகின்றன. உளுந்தின் பசைத்தன்மை அந்த வாயுவைப் பிடித்துவைத்துக்கொள்கிறது. அதனால்தான் மாவு உப்புகிறது, புளிக்கிறது. வெப்பநிலை குறைந்தால் வேகம் குறைகிறது. சோதனைக்கு வைத்த மாவை யாரும் சமைத்துச் சாப்பிட வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

எங்கள் 7ஆம் வகுப்பில் தேர்வு என்றாலே ஒதுங்கிப்போகும் ஒரு மாணவன் இருந்தான். அவன் அம்மா காலையில் இட்லி சுட்டு விற்பவர். குவளைகளைப் பார்த்ததும், 'மார்கழியில எங்கம்மா சாயங்காலம் நாலு மணிக்கே அரைச்சிருவாங்க டீச்சர். சித்திரையில ராத்திரி ஒன்பது மணிக்குத்தான் அரைப்பாங்க. இல்லேன்னா பொங்கி வழிஞ்சிரும்' என்றான். வெப்பநிலைக்கும் வினையின் வேகத்துக்கும் உள்ள தொடர்பை அவன் தெரிந்துதான் வைத்திருந்தான். அதை வரைபடமாக்குவதற்கு மட்டும்தான் அவனுக்கு என் உதவி தேவைப்பட்டது. அன்று அவனுடைய குழுதான் வரைபடத்தை முதலில் முடித்தது.

4. வற்றலும் சதவீதமும் (7 முதல் 9ஆம் வகுப்பு வரை)

காய் மலிவாகக் கிடைக்கும் நாளில் வாங்கி, உலர்த்தி, மழைக்காலத்துக்கு வைத்துக்கொள்வது நம் வீடுகளின் பழைய சிக்கனம். இதை வகுப்பில் செய்ய மிளகாய் வேண்டாம், பிள்ளைகளின் கை எரியும். கொத்தவரங்காய் போதும். உப்பு நீரில் அரைவேக்காடாக எடுத்த அரைக் கிலோ காயை இரண்டு சம பங்காக்கி, ஒன்றைத் தட்டில் ஒற்றை அடுக்காகப் பரப்புங்கள். மற்றொன்றைக் குவியலாக வையுங்கள். மெல்லிய துணியால் மூடி வெயிலில் வைத்து, தினமும் ஒரே நேரத்தில் எடை போட்டுக் கோட்டு வரைபடம் வரையுங்கள்.

முதல் நாட்களில் எடை வேகமாகக் குறையும், பிறகு கோடு படுத்துவிடும். பரப்பிவைத்த காய் குவியலைவிட முன்னதாகக் காயும். ஆவியாதலுக்குப் பரப்பளவு ஏன் முக்கியம் என்பதை இரண்டு கோடுகளும் காட்டிவிடும். தொடக்க எடையிலிருந்து இறுதி எடையைக் கழித்து, தொடக்க எடையால் வகுத்து, 100 ஆல் பெருக்கினால் இழந்த நீரின் சதவீதம் கிடைக்கும். நீர் குறைந்த இடத்தில் நுண்ணுயிரிகள் பெருக முடியாது என்பதையும், உப்பு திசுக்களிலிருந்து நீரை வெளியே இழுக்கிறது என்பதையும் இதோடு சேர்த்துச் சொன்னால் சவ்வூடு பரவல் பாடத்துக்கும் பாலம் போட்டாயிற்று.

5. ஊசியும் நூலும் (4ஆம் வகுப்பு முதல்)

அறுந்த பொத்தானைத் தைப்பது, பிரிந்த மடிப்புக்கு ஓட்டுத் தையல் போடுவது ஆகிய இரண்டும் எல்லா மாணவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். 4ஆம் வகுப்பில் முனை மழுங்கிய பெரிய ஊசியும் சாக்குத் துணியும் கொண்டு தொடங்கலாம். 10 சென்டிமீட்டர் நீளத்தில் சம இடைவெளியில் 10 தையல் என்று இலக்கு வையுங்கள். அளவுகோலைச் சரியாக வைத்துப் படிக்க, அதைவிட நல்ல பயிற்சி கிடைப்பது அரிது. எழுதும்போது பென்சிலைப் பிடிக்கச் சிரமப்படும் பிள்ளைகளின் விரல்களுக்கும் இது உதவுகிறது.

பெற்றோர் தையல்காரரிடம் 'உள்ளே மடிச்சு விட்டுத் தைங்க, அடுத்த வருசம் பிரிச்சுக்கலாம்' என்று சொல்வது எல்லோரும் கேட்ட பேச்சு. இதுவும் ஒரு கணக்குதான். தொடக்கப் பள்ளி வயதில் பிள்ளைகள் ஆண்டுக்குப் பொதுவாக 5 முதல் 6 சென்டிமீட்டர் உயர்கிறார்கள். ஜூன் மாதத்தில் வகுப்பறைச் சுவரில் உயரம் குறித்து, மார்ச்சில் மீண்டும் அளந்து, வகுப்பின் சராசரி வளர்ச்சியைக் கணக்கிடலாம். எத்தனை சென்டிமீட்டர் மடிப்பு விட்டால் ஒரு பாவாடை இரண்டு ஆண்டு வரும் என்று மாணவர்களே மதிப்பிடட்டும்.

இந்தச் செயல்பாட்டைத் தொடங்கியபோது பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் ஒரு தந்தை, 'பையனுக்கு எதுக்கு டீச்சர் ஊசியும் நூலும்?' என்று கேட்டார். 'அண்ணே, நம்ம ஊர்ல தையல்கடை வச்சிருக்கிற மூணு பேருமே ஆம்பளைங்கதானே?' என்று கேட்டேன். கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. அவரும் சிரித்தார். அடுத்த வாரம் பையன் புத்தகப் பையில் ஊசியும் நூலும் இருந்தன.

6. ஒரு கற்பனைக் குடும்பத்தின் வரவு செலவு (6 முதல் 10ஆம் வகுப்பு வரை)

வீட்டுக் கணக்குப் புத்தகம் எழுதுவது நல்ல பழக்கம். ஆனால் 'உங்கள் வீட்டு வருமானம் எவ்வளவு, செலவு எவ்வளவு, எழுதி வாருங்கள்' என்று வீட்டுப்பாடம் கொடுக்கவே கூடாது. கடன் இருக்கும் வீடு, தந்தை வேலையிழந்த வீடு, ஒற்றைப் பெற்றோர் வீடு என்று நம் வகுப்பில் எல்லா வீடும் இருக்கிறது. அதை நோட்டில் எழுதிக் காட்டும்படி எந்தப் பிள்ளையையும் நாம் நிறுத்தக் கூடாது.

அதனால் வகுப்புக்கென்று ஒரு கற்பனைக் குடும்பத்தை உருவாக்குகிறோம். பெயரையும் உறுப்பினர்களையும் மாணவர்களே தீர்மானிக்கிறார்கள். மாத வருமானம் 18,000 ரூபாய், வீட்டில் ஒரு கைக்குழந்தை என்று வைத்து, வாடகை, பால், காய்கறி, மருந்து, பேருந்துக் கட்டணம், சேமிப்பு என்று பிரிக்கச் சொல்கிறேன். மூன்றாவது வாரம் ஒரு சீட்டு எடுக்கச் சொல்வேன். 'குழந்தைக்குக் காய்ச்சல், 900 ரூபாய்' என்றோ 'ஊரில் கல்யாணம், மொய் 500' என்றோ அதில் இருக்கும். எந்தச் செலவைத் தள்ளிப்போடலாம், எதைத் தள்ளக் கூடாது என்ற விவாதம் அங்கே தொடங்குகிறது. எந்த மாணவரும் தன் வீட்டைப் பற்றிப் பேச வேண்டியதில்லை. ஆனால் ஒவ்வொருவரும் தான் அறிந்ததை வைத்துத்தான் பேசுகிறார்கள்.

மின் கட்டணத்தையும் சேர்க்கலாம். 60 வாட் குண்டு பல்பு தினமும் 5 மணி நேரம், 60 நாள் எரிந்தால் 18 யூனிட். 9 வாட் எல்இடி பல்புக்கு 2.7 யூனிட்தான். அதேபோல் ஒரே பொருளின் சிறு பாக்கெட்டையும் பெரிய பாக்கெட்டையும் வைத்து 100 கிராம் விலையைக் கணக்கிடச் சொல்லுங்கள். பெரியதுதான் மலிவு என்று முன்கூட்டியே சொல்லிவிடாதீர்கள். சில பொருள்களில் விடை மாறி வரும். விளம்பரத்தை நம்பாமல் வகுத்துப் பார்க்கும் பழக்கமே நமக்கு வேண்டிய கற்றல் விளைவு.

வீட்டில் சிறு குழந்தை இருந்தால்

1, 2ஆம் வகுப்பு ஆசிரியர்களுக்கும், என்னைப் போல வீட்டில் சிறு பிள்ளை வைத்திருப்பவர்களுக்கும் சில குறிப்புகள்.

விலையுயர்ந்த விளையாட்டுப் பொருள் இல்லாமலே கற்றல் நடக்கும். என் மகன் மாலையில் பட்டாணி உரிக்கிறான், கைக்குட்டைகளை மடிக்கிறான், மோர்க் குவளையிலிருந்து டம்ளருக்கு ஊற்றுகிறான். கொண்டைக்கடலை, மொச்சை, அவரை விதைகளைக் கலந்து கொடுத்தால் தனித்தனிக் கிண்ணத்தில் பிரிக்கிறான். வகைப்படுத்தல், எண்ணல், ஒன்றுக்கொன்று பொருத்துதல் எல்லாம் அதில் வந்துவிடுகின்றன. பெரியவர் ஒருவர் கூடவே உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது மட்டும் கட்டாயம். இந்த வயதில் விதைகள் மூக்குக்கும் காதுக்கும் போக நேரமாகாது. பழைய பருத்திப் புடைவை தூளியாகவும், பிறகு குழந்தைத் துணியாகவும், கடைசியில் கரித்துணியாகவும் மாறுவதை அவனிடம் கதையாகச் சொல்கிறேன். ஒரு பொருளுக்குப் பல பிறவிகள் உண்டு என்ற எண்ணம் அப்படித்தான் பதிகிறது.

குழந்தை உணவில் நம் பாட்டிமார் கண்டுபிடித்த ஒரு வேதியியலும் உண்டு. கேழ்வரகை ஊறவைத்து, ஈரத் துணியில் கட்டி முளைக்கவிட்டு, உலர்த்தி அரைப்பார்கள். முளைக்கும்போது தானியத்தில் அமைலேஸ் நொதி உருவாகிறது. அது மாவுச்சத்தை உடைப்பதால் கஞ்சி கெட்டிப்படாமல் இளகலாக இருக்கிறது. அதனால் தண்ணீர் அதிகம் ஊற்றாமலே குழந்தையால் விழுங்க முடிகிறது. சிறிய வயிற்றுக்குள் கூடுதல் சத்து போகிறது. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியமும் இருக்கிறது. உயர்நிலை வகுப்பில் இதை ஆசிரியரே செய்துகாட்டலாம். முளைக்கட்டாத கேழ்வரகு மாவில் கெட்டியான கூழ் காய்ச்சி, கைபொறுக்கும் சூட்டைவிடச் சற்றுக் கூடுதலாக இருக்கும்போது, வறுக்காமல் வெயிலில் உலர்த்தி அரைத்த முளைக்கட்டிய மாவை ஒரு கரண்டி கலந்து கிளறுங்கள். சில நிமிடங்களில் கூழ் இளகுவதை மாணவர்கள் கண்ணால் பார்ப்பார்கள். செரிமானப் பாடத்தில் உமிழ்நீர் அமைலேஸைப் பற்றி அதன் பிறகு பேசினால் மறக்காது.

மூன்று கவனங்கள்

முதலாவது, வறுமையைக் காட்சிப்பொருளாக்கக் கூடாது. சிக்கனம் வேறு, இல்லாமை வேறு. வேண்டியது இருக்கும்போது அளவாகச் செலவிடுவது சிக்கனம். வேண்டியதே கிடைக்காத பிள்ளையிடம் சிக்கனம் பற்றி அறிவுரை சொல்வது நியாயமில்லை. காலை உணவும் சத்துணவும் சீருடையும் பெறுவது அந்தப் பிள்ளையின் உரிமை என்பதையும் அதே வகுப்பில் தெளிவாகச் சொல்ல வேண்டும்.

இரண்டாவது, இது பெண் பிள்ளைகளுக்கான பாடமாகிவிடக் கூடாது. 'வீட்டில் நீங்கள் செய்யும் வேலைகளைப் பட்டியலிடுங்கள்' என்று ஒருமுறை கேட்டேன். மாணவிகள் ஒரு பக்கம் நிறைய எழுதினார்கள். மாணவர்கள் பலர் 'கடைக்குப் போவேன்' என்ற ஒரு வரியோடு நிறுத்திவிட்டார்கள். 2019ஆம் ஆண்டு தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வும் இதையே சொல்கிறது. ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்காக நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிடுகிறார்கள், ஆண்கள் 97 நிமிடம். இந்த இரண்டு எண்களைக் கரும்பலகையில் எழுதி, மணியாக மாற்றச் சொல்லி, பிறகு அமைதியாக இருங்கள். பேச்சை மாணவர்களே தொடங்குவார்கள். ஏற்கெனவே வீட்டு வேலையால் தாமதமாக வரும் மாணவிக்கு வகுப்பிலும் அதே வேலையைக் கொடுக்காதீர்கள். அவர் எடை போடட்டும், வரைபடம் வரையட்டும். முறத்தை அவர் தம்பி பிடிக்கட்டும்.

மூன்றாவது, பழையது என்பதாலேயே எதுவும் சரியாகிவிடாது. பிறந்த குழந்தைக்குச் சேனை என்று சர்க்கரைத் தண்ணீரோ தேனோ வைக்கும் வழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே போதும் என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. ஒரு வயது நிறையும் வரை தேன் ஆபத்தானது. புளிக்கவைத்தலைச் சோதித்துப் பார்த்து ஏற்றுக்கொள்ளும் அதே அறிவியல் மனப்பான்மைதான் சேனை வைப்பதைச் சோதித்துப் பார்த்து விலக்கவும் சொல்கிறது. இந்த இரண்டையும் ஒரே பாடவேளையில் மாணவர்கள் பார்ப்பது நல்லது.

நேரமும் மதிப்பீடும்

'பாடத்தை முடிக்கவே நேரமில்லை, இதற்கெங்கே நேரம்?' என்ற கேள்வி நியாயமானது. மேலே சொன்ன எதுவும் தனிப் பாடவேளை கேட்பதில்லை. பின்னத்தைக் கற்பிக்கும் வாரத்தில் ஆழாக்கு, நுண்ணுயிரிகளைக் கற்பிக்கும் வாரத்தில் மாவு, சதவீதத்தைக் கற்பிக்கும் வாரத்தில் வற்றல் என்று பாடத்துக்குள்ளேயே பொருத்திக்கொள்ளலாம். எடை போட்ட பதிவேடு, வரைபடம், சொல் அட்டவணை, வரவு செலவுத் தாள் ஆகியவற்றை வளரறி மதிப்பீட்டுச் செயல்பாடுகளாகச் சேர்க்கலாம். தைத்த துணியின் அழகுக்கு மதிப்பெண் போட வேண்டாம். அளந்த விதத்துக்கும் கணக்கிட்ட விதத்துக்கும் விளக்கிச் சொன்ன விதத்துக்கும் போடுங்கள்.

பாதுகாப்புக்கு ஒரு வரி. வகுப்பறையில் அடுப்பும் கத்தியும் மாணவர் கைக்குப் போகக் கூடாது. ஊசிகளை எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குங்கள்.

இந்த மாதம் ஒரே ஒரு செயல்பாட்டைத் தேர்ந்தெடுங்கள். எங்கள் அனுபவத்தில் ஆழாக்கில் தொடங்குவதே எளிது. செலவில்லை, எந்த வகுப்புக்கும் பொருந்தும், ஒரு பாடவேளையில் முடிந்துவிடும். அளவைகளைக் கொண்டுவந்த பிள்ளைகளின் பெயரைக் கரும்பலகையில் எழுதுங்கள். முடிந்தால், அரிசி அளக்கத் தெரிந்த ஒரு தாயையோ பாட்டியையோ அந்த ஒரு மணி நேரத்துக்கு வகுப்புக்கு அழைத்து, நாற்காலி போட்டு உட்காரவைத்து, மாணவர்கள் கேள்வி கேட்கட்டும். கையெழுத்துப் போட மட்டும் பள்ளிக்கு வந்து பழகியவர், தனக்குத் தெரிந்ததைச் சொல்லித்தர வந்ததாகத் திரும்பிப் போவார். அதைப் பார்த்துக்கொண்டிருக்கும் அவருடைய பிள்ளைக்குக் கணக்கு அதற்குப் பிறகு அந்நியமாகத் தெரியாது.